ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போகாதே என்ற மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது கடித வழக்கம். போன வாரம் போனில் நீ அதைக் கேட்க மறந்தாய், இப்போது நான் விட்டுவிடுகிறேன், ஆளுக்கு ஒன்று. இந்தக் காலத்தில் எவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவன். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. கோலாலம்பூரில் உன் ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படி. படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். பெண் ரேணு, உன் அப்பாவின் தங்கை பெற்றவள். நீங்கள் இரண்டு பேரும் எப்போது பேசினீர்கள், எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ரேணு நல்ல பெண். அவள் அம்மாவின் நாக்கு அவளுக்கு வரவில்லை. சுங்கைப் பட்டாணியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, அம்மாவுக்குத் தெரியாமல் என் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். சாப்பிட்ட எவளும் இதுவரை வயிறு வலித்துச் சாகவில்லை என்பதை உன் அத்தையிடம் சொல்லலாம்.

போன வாரம் நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். எனக்கு மறதி என்ற நோய் இன்னும் வரவில்லை.

“அம்மா, ஞாயித்துக்கெழம எஸ்டேட்டு முனியாண்டிக்கு கல்யாணக் கிடா வெட்டுறாங்கல்ல, அத்தெ ஒன்னு சொன்னாங்க.”

“என்னவாம்?”

“ஒன்னும் இல்ல லா. அது வரைக்கும் நீங்க ஆட்டுக் கொட்டாய் பக்கம் போகாம இருந்தா நல்லதாம். சும்மா ஒரு சமாதானத்துக்குத்தான். மனசுல வச்சிக்காதீங்கமா.”

நான் “சரி” என்றேன். நீ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “தேங்ஸ்மா, நீங்க கிரேட்” என்று சொல்லிவிட்டு வைத்தாய். ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பாய். அந்தச் ‘சரி’க்குள் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அப்போது பள்ளிக்கூடம் தொடங்கிய வயது. நாம் சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் இருந்தோம். உன் அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. முனியாண்டிக்குக் கிடா நேர்ந்துகொண்டாள், கரு தங்கியது. ஐந்தாம் மாதம் கிடா வெட்டுவதாக ஏற்பாடு. அந்தக் கிடா பிறந்ததிலிருந்து செம்பனை மரத்தடிப் புல்லும் பலா இலையும் தவிர வேறு எதையும் வாயில் வைத்ததில்லை. வெட்டப்போகிற கடைசி நாட்களில்தான் அதற்கு ராஜ மரியாதை. நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும்: நேர்ந்துவிட்ட கிடாவுக்கு வாய் நிறையப் போட்டால் புண்ணியம். ஒரு வீட்டிலிருந்து சோறு, ஒரு வீட்டிலிருந்து சோளம், ஒரு வீட்டிலிருந்து மீந்துபோன ரொட்டி, கோயில் பொங்கல், தவிடு. அதுவும் தின்றது. சாமிக்குப் போகிற ஆடு என்ன கேட்கும், என்ன மறுக்கும்?

லயத்தில் அந்த ஆட்டுக்கு ஒரு பிடி சோறுகூடப் போடாத வீடு நம் வீடு ஒன்றுதான். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம். வெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, வெறுங்கையோடு கொட்டகைப் பக்கம் போனேன். ஆடு உண்மையிலேயே அழகாக இருந்தது. வாய் சும்மா இருக்குமா? நுணலும் தன் வாயால் கெடும். “ஏயப்பா, என்னா தெம்பா இருக்கு, கண்ணு பட்டுரும் போல லா” என்றேன். பக்கத்தில் உன் அப்பா நின்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு ஊட்டினேன்.

விடிந்தபோது ஆடு தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு, நான்கு காலாலும் காற்றை உதைத்துக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. வெயில் ஏறுவதற்குள் செத்துப்போனது. சாமிக்கு வைத்ததைச் சாமிக்கு முன் வேறு எவரோ எடுத்துக்கொண்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. உன் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “யாரு வந்தா? யாரு பாத்தா? சொல்லுங்க!” என்று மண்ணில் விழுந்து கத்தினாள். உன் அப்பாதான் சொன்னார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி, “நேத்து சாயங்காலம் இவதான் வந்து பாத்தா. கண்ணு பட்டுரும்னு சொல்லிச் சிரிச்சா” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குக் கெட்ட எண்ணம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மூளையை வேலை வாங்கத் தெரியாது. கேள்வி கேட்டார்கள், தெரிந்த பதிலைச் சொன்னார், அவ்வளவுதான். அதன்பிறகு ஒவ்வொரு வாயாகச் சேர்ந்தது. “வெறுங்கையோட வந்து கண்ண மட்டும் வச்சிட்டுப் போயிருக்கா.” “எல்லாரும் சோறு போட்டாங்க, இவ மட்டும் போடல பாத்தியா?” இரண்டு வாரம் கழித்து உன் அத்தைக்குக் கரு கலைந்தது. அந்தத் துக்கம் பொய் இல்லை, அதை நான் ஒருநாளும் பொய் என்று சொன்னதில்லை. அவளுக்காக நானும் அழுதேன். என் அழுகைக்கும் பதில் தயாராக இருந்தது: “நடிக்கிறா பாரு.” கொள்ளிக்கண்ணுக்காரி என்று பெயர் வைத்தார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சொல்லிச் சொல்லி, என் கண் படாத இடத்துக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமே ரேணு பிறந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தை நான் பார்த்துவிடக்கூடாது என்று ஒரு துண்டைப் போட்டு மூடியே தூக்கிக்கொண்டு நடந்தாள் உன் அத்தை. இப்போது அதே முகத்தைத்தான் நீ கட்டிக்கொள்ளப் போகிறாய்.

நாம் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். பெயரும் கூடவே பஸ் ஏறி வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வளைகாப்புக்குப் பத்திரிகை வரும், கூடவே “ஒடம்புக்கு முடியலன்னா பரவால்லக்கா, வர வேணாம்” என்று செய்தியும் வரும். நான் ஒன்றும் சீதாதேவி இல்லை, பூமி பிளக்கக் காத்திருக்க. அந்தப் பெயரால் கிடைத்ததை நானும் வாங்கிக்கொண்டேன். பாசாரில் மீன் கடையில் நான் போய் நின்றால் தோட்டத்துப் பெண்கள் ஒதுங்கி எனக்கு வழி விடுவார்கள். நல்ல கெம்போங் மீனாகப் பொறுக்கிக்கொண்டு வருவேன். திகாம் பத்துவில் ஒரு கல்யாண வீட்டில் உன் அத்தையின் புது அட்டிகையை, அவள் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், பாயசத்தைக்கூட அவளால் விழுங்க முடியவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதே கிடையாது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு வந்தாய். நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். நீ மடிக்கணினியைச் சமையல்கட்டு மேசையில் வைத்து, உன் ஆராய்ச்சி என்ன என்று எனக்குப் புரியவைக்க உட்கார்ந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஒரு கிருமி. ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆடு புல் தின்கிற வரைக்கும் சும்மா கிடக்கும். பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரென்று சோறும் சோளமும் ரொட்டியும் கொட்டினால் அதற்குக் கொண்டாட்டம். பெருகிப் பெருகி நஞ்சைக் கக்கும். ஆனால் கக்கும்போது அந்த நஞ்சுக்கு வீரியம் இல்லை, ஒரு சின்னத் துண்டு அதை அடக்கி வைத்திருக்கிறது என்றாய். அந்தத் துண்டை வெட்டி எடுப்பது யார் என்று கேட்டேன். “ஆட்டோட செரிமான நீரேதாம்மா. அதுவே வெட்டி, அதுவே முழு நஞ்சாக்கிரும்” என்றாய்.

எண்ணெயில் வடை கருகியது. நீ கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே போனாய். நஞ்சு குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டியதை உள்ளேயும் வெளியே இருக்க வேண்டியதை வெளியேயும் நிறுத்தி வைப்பது அதுதான். நஞ்சின் ஒரே ஒரு துணுக்கு வந்து அதன்மேல் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏழு துணுக்குகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து வட்டமாகச் சேர்ந்துகொண்டால், அந்த வட்டம் சவ்வைத் துளைத்துக்கொண்டு இறங்கும். “இந்த வடெ மாதிரிம்மா, நடுவுல ஓட்டெ” என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினாய். அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் உப்பு வெளியேறும், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே புகும், உயிரணு செத்துவிடும். இப்படி ஆயிரம் ஆயிரமாக. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஆடு தலையை வளைத்து உதைப்பது மட்டும்தான் தெரியும். ஏழு சேர்ந்தால்தான் ஓட்டை விழுமா என்று கேட்டேன். என் விஷயத்தில் அத்தனை பேர்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: “நம்ம எஸ்டேட்ல அத்தெ கிடா செத்துச்சே, அது இதேதாம்மா. நான் யூனிவர்சிட்டில ரெண்டாவது வருஷமே கண்டுபிடிச்சிட்டேன்.”

“ரெண்டாவது வருஷமா? யாருகிட்ட சொன்ன?”

“யாருகிட்ட சொல்றதுமா... பழைய கதெ. கிண்டுனா குடும்பத்துல பிரச்சினெ வரும்.”

நான் அடுப்பை அணைத்தேன். உன் இரண்டாவது வருடத்துக்கும் அந்தத் தீபாவளிக்கும் நடுவில் உன் அப்பா இறந்தார், நினைவிருக்கிறதா? கூடத்தில் பிணம் கிடந்தது. உன் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, நிறைந்த சபையில் என்னைப் பார்த்து, “ஆட்ட முழுங்குன, என் வயித்துல இருந்தத முழுங்குன, இப்ப எங்கண்ணனையும் முழுங்கிட்டியேடி” என்றாள். எத்தனை தலைகள் என் பக்கம் திரும்பின. நீ என் பக்கத்தில், வேட்டி கட்டி, தோள் துண்டோடு நின்றாய். ஆட்டைக் கொன்றது எது என்று அந்தக் கூடத்தில் ஒருவனுக்குத் தெரியும், அது நீ. நீ என் தோளைத் தொட்டு, “விடுங்கமா” என்றாய். நான் விட்டேன். நீ எதுவும் தெரியாமல் நிற்கிறாய் என்று நினைத்து விட்டேன். என் பிள்ளை என்னைப்போலவே ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறான் என்று உனக்காகவும் சேர்த்து அழுதேன். அந்த அழுகையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

உன் அப்பாவை நான் மன்னித்துவிட்டேன். அவர் தெரியாமல் பேசினார். நீ தெரிந்து பேசாமல் இருந்தாய். எது பெரியது என்று உன் கருவிகளில் வைத்து அளந்து பார். ஒரு மாநாட்டில் இந்த நஞ்சைப் பற்றி மேடையேறிப் பேசியதாகவும், கைதட்டினார்கள் என்றும் படம் அனுப்பினாயே, நானும் கட்டைவிரல் தூக்கினேன். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் ஆடு எப்படிச் செத்தது என்று விளக்கியவனுக்கு, திகாம் பத்துவில் இருக்கும் அத்தையிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பெண் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

கல்யாணத்துக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். நாளைக்கு ரேணுவைப் பற்றி எவளாவது ஒரு சொல் சொன்னால், அது மெய்யா பொய்யா என்று ஆராயாதே. உனக்கு ஆராய்வது பிடிக்கும், தெரியும். ஆனால் நீ ஆராய்ந்து முடிப்பதற்குள் அவளைப் புதைத்துவிடுவார்கள். உடனே அவள் பக்கத்தில் போய் நில், வாயைத் திற. வெளியார் பேச்சு ஒரு பெண்ணை அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. அவளுடைய வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் அதற்கு ‘ஆமாம்’ போட்டால்தான் கொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாமல் நின்றால். இன்னொன்று. ‘சமாதானம்’ என்று யாராவது கேட்டால், அதற்கு யாரை ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள் என்று பார். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் ஒதுங்கினால் அதற்குச் சமாதானம் என்று பெயர் இல்லை. ரேணுவிடம் ஒருநாளும் “மனசுல வச்சிக்காத” என்று சொல்லாதே. வைத்துக்கொள்ள அவளுக்கு வேறு இடம் ஏது?

சரி. நேற்று ரேணு போன் செய்தாள். கல்யாணப் பேச்சு, புடவைப் பேச்சு. நடுவில் சிரித்துக்கொண்டே, “மாமி, அம்மா கிடாவுக்கு மூட்டெ மூட்டெயா வாங்கி வச்சிருக்காங்க. ரொட்டி, சோளம், தவிடு. வெள்ளிக்கெழமெ எஸ்டேட்டுக் கொட்டாயில கொண்டுவந்து கட்டுனதுல இருந்து போடப் போறாங்களாம். அக்கம்பக்கத்துல எல்லாரும் சோறு கொண்டாறதா சொல்லியிருக்காங்க. நீங்களும் வந்து ஒரு பிடி போடுங்களேன்” என்றாள்.

“இது வரைக்கும் அது என்னம்மா தின்னுச்சு?”

“புல்லுதான் மாமி. கொல்லையில கட்டிப்போட்டு வளத்ததுதானே.”

நான், “வேலை இருக்கும்மா, பார்க்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரொட்டி மூட்டை குப்பைக்குப் போயிருக்கும், எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். கொட்டகைப் பக்கம் போகாதே என்று கேட்டுக்கொண்டாய், போகமாட்டேன். வாக்கு என்றால் வாக்கு. காலால் போகாதவள் வாயால் மட்டும் ஏன் போக வேண்டும்?

கூரியர்காரன் புதன்கிழமை உன் கையில் கொடுத்துவிடுவான். வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. அத்தைக்குப் போன் செய்து, “ஆட்டுக்குச் சோறு போடாதீங்க” என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள், அவளுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியாது. அப்போது குடல், கிருமி, நஞ்சு, ஓட்டை எல்லாவற்றையும் மேடையில் சொன்ன மாதிரியே சொல். சொல்லி முடிக்கும்போது அந்தப் பழைய ஆட்டை எது கொன்றது என்று அவளுக்கே விளங்கிவிடும். அதற்கு யார் யார் வீட்டிலிருந்து சோறு போனது என்பதும் விளங்கும். முதல் பிடி அவள் கையால் போட்டது. அது அவளுக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வலிக்கட்டும்.

இல்லையென்றால் ஏதாவது பொய் சொல்லியும் நிறுத்தலாம். ஆடு மெலிந்திருந்தால்தான் சாமிக்குப் பிடிக்கும் என்று எவனோ பூசாரி சொன்னதாகச் சொல். பொய் உனக்கு நன்றாக வரும். ஆடு ஞாயிற்றுக்கிழமை வரை பிழைத்துக்கொள்ளும், உன் கல்யாணமும் பிழைத்துக்கொள்ளும், நான் மட்டும் இருந்த இடத்தில் இருப்பேன். அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரிந்தால், தாலி கட்டுகிற நேரத்தில் உனக்கு அம்மா இல்லை என்று வைத்துக்கொள். கல்யாண மண்டபத்தில் இதைக் கத்திச் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு, உன் அத்தையிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது வழி, நீ வழக்கமாகப் போகிற வழி. ஒன்றும் சொல்லாமல் இருப்பது. தின்ற ஆடெல்லாம் சாவதில்லை, சிலது தப்பித்துக்கொள்ளும் என்று நீதான் சொன்னாய். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திரு. ஆடு எப்படியும் சாகப்போகிறதுதான். அருவாளில் சாவதா, நுரை தள்ளிச் சாவதா என்பது அதற்கு வேண்டுமானால் பெரிய விஷயம். எனக்கு அந்த ஆட்டைப் பற்றிக் கவலை இல்லை. நேர்ந்துவிட்டவர்கள் பட வேண்டிய கவலை அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ சிடாம் கிரிக்கு வந்துவிடுவாய் என்று ரேணு சொன்னாள். நானும் வருவேன். அவள் எடுத்துக்கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு வருவேன். விதவைக்கு என்ன பொட்டு என்று கேட்கிறவள் கேட்கட்டும். கொட்டகைப் பக்கம் போகமாட்டேன். கோயில் வாசலில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். சனிக்கிழமை விடியும்போது ஆடு எழுந்து நின்றால் நல்லது, நீ நடந்ததைச் சொன்னாயா, பொய் சொன்னாயா என்பதை உன் அத்தை என்னை நிமிர்ந்து பார்க்கிறாளா என்பதிலேயே தெரிந்துகொள்வேன். ஆடு கீழே கிடந்து உதைத்தால், உன் அத்தை மண்ணில் விழுந்து, யார் வந்தது, யார் பார்த்தது என்று மறுபடியும் கேட்பாள். அப்போது எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா